கண்ணாடித் தொட்டியில் பொரி

புரட்டாசி, வியாழன் இரவு.

இன்றும் மீன் தொட்டியைச் சுரண்டினேன். காலையில் துடைத்தால் மறுநாளே பாசி படர்ந்து, உள்ளே இருக்கும் இரண்டு கடல் மீன்களும் தெரிவதில்லை. பாதித் தண்ணீரையாவது மாற்ற வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கேன்களோடு கடலூருக்குக் கடல்தண்ணீர் எடுக்கப் போனார். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். மூன்று நாளாக ஆளும் இல்லை, சேதியும் இல்லை.

சாயங்காலம் பார்த்தால், மாமியார் தொட்டிக்குள் பொரியை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார். அது ஊறி அழுகித்தான் இவ்வளவு பாசி.

"இன்னா அத்தை இது? தெனமும் போடறீங்களா?"

"கோயில் கொளத்து மீனுக்குப் போடலாம்னா திருக்கோவிலூருக்கு பஸ் ஓடல. எம்புள்ள நல்லபடியா வூடு வந்து சேரணும்னு இதுங்களுக்குப் போட்டுக்கினு இருக்கேன்."

பொரி டப்பாவைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அத்தை கையில் ஒட்டியிருந்த பொரியையும் தொட்டிக்குள் தட்டிவிட்டார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

இதை எழுதும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரர். திரும்பி வந்து, அலமாரியைத் திறந்து, ஒரு பிடி பொரியைத் தொட்டியில் போட்டேன்.

நாளைக்கு அதையும் நான்தான் சுரண்ட வேண்டும்.