ஆறாத கால்

தாமுவே, ரங்கூன்
ஆகஸ்ட் 1997

ராணியின் அப்பாவுக்குக் கனகாம்பாள் எழுதுவது. இங்கே அத்தை, ராணி, நான் மூவரும் இருக்கிறோம். நீங்கள் அங்கே நலமாக இருப்பதைப் போன வெள்ளிக்கிழமைதான் தெரிந்துகொண்டேன்.

உங்களோடு கப்பலில் வேலை பார்த்த ஜமால் கப்பலை விட்டு இறங்கியதும் நேரே நம் வீட்டுக்கு வந்து, நீங்கள் கொடுத்தனுப்பிய மருந்துப் பொட்டலத்தைத் தந்தான். தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு, "அவுங்க இப்பவாவது கம்பு ஊணாம நடக்குறாங்களா தம்பி?" என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். "நடக்குறதா? மருந்துக்குப் பட்டை உரிக்க மரத்துலயே ஏறுறாரு அக்கா. அந்த வைத்தியர் போட்ட கட்டு அப்படி. மறு மழைக்குள்ளயே எந்திரிச்சு ஓடிட்டாரே" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

அவன் தாயார் பேரில் ஆணையிட்டுக் கேட்ட பிறகுதான் மிச்சத்தைச் சொன்னான். வைத்தியரின் மகளோடு உங்களுக்குக் குடித்தனம். பல் முளைக்கிற வயதில் ஒரு பெண் குழந்தை. நல்லவேளை, அத்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சரக்கு அறையில் விழுந்து கால் முறிந்து, கப்பல்காரர்கள் உங்களைப் பாலித் தீவில் இறக்கிவிட்டுப் போனதாக நீங்கள் எழுதிய நாளில் இந்த வீட்டில் உலை வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் காலை எடுக்கச் சொன்னார்கள், பாலியன் என்று அங்கே சொல்லும் கிராமத்து வைத்தியர் ஒருவர் பச்சிலையும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டிக் காப்பாற்றினார் என்று அடுத்த கடிதம் வந்தது. அதை வாசித்துக் காட்டியபோது அத்தை அந்த மனிதர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அதன் பிறகு வந்த கடிதமெல்லாம் ஒரே மாதிரிதான். கால் இன்னும் முழுதாக ஆறவில்லை, கடல் பயணம் கூடாது என்கிறார் வைத்தியர். நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வேன்?

காளி கோயிலில் வேண்டிக்கொண்டேன். உங்களுக்குக் கால் கூடினால் வெள்ளியில் கால் செய்து போடுவதாக நேர்ந்திருந்தேன். சாமி தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. திங்கட்கிழமை லத்தா கடைவீதியில் தட்டாரிடம் வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு வந்தேன். ஐயர், "வீட்டுக்காரருக்குக் குணமாயிருச்சா, எப்ப வர்றாரு?" என்று சந்தோஷமாகக் கேட்டார். குணமாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

வைத்தியரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மருந்து பொய் சொல்லவில்லை. கிராம்பும் இஞ்சியும் சாதிக்காயும் அரிசியோடு இடித்த அந்தப் பொடியை வெந்நீரில் குழைத்து, இங்கே பெண்கள் முகத்துக்குத் தனாக்கா அரைத்துப் பூசுவது போல அத்தையின் முழங்காலில் தினமும் பூசிவிடுகிறேன். காய்ந்து உதிரும்போது வலியும் உதிர்ந்துவிடுகிறது என்கிறார்கள். வெள்ளிக்கிழமையும் நான்தான் பூசிவிட்டேன்.

அந்தப் பெண்ணையும் ஏச மனம் வரவில்லை. அவளிடம் நீங்கள் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்களோ, யார் கண்டது?

ராணிக்கு உங்கள் முகம் மறந்து வருகிறது. பர்மியப் பள்ளிக்கூடத்தில் அப்பா எங்கே என்று கேட்டால், கால் சரியில்லாமல் படுத்திருக்கிறார் என்கிறாளாம். அதைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை. காலையில் சந்தை முனையில் தோசைக்கல்லைப் போட்டு உட்கார்ந்தால் வீட்டுப் பாடு கழிந்துவிடுகிறது. எங்களுக்கு நீங்கள் ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். பக்கத்து வீட்டு மா டின் இன்று அத்தையிடம் மகனைப் பற்றி விசாரித்தாள். அத்தை சொன்னதை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். "கால் மட்டும் சரியாயிருந்தா எம்புள்ள நீந்தியாச்சும் வந்துரும்" என்றார்கள்.

அதனால் இனி எனக்கு எழுதாதீர்கள். அத்தை பேருக்கு எழுதுங்கள், நான் வாசித்துக் காட்டுகிறேன். அவர்கள் கண் மூடும்வரை ஒவ்வொரு கடிதத்திலும் கால் இன்னும் ஆறவில்லை என்றே எழுதுங்கள்.

அந்தக் குழந்தை நோய் நொடி இல்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
ராணியின் அம்மா
கனகாம்பாள்