பேர் கூப்பிடாத கூட்டம்

அட்டன், கீழ்ப்பிரிவு லயம்
12.8.1963

அன்புள்ள நாகலெட்சுமிக்கு,

வீரய்யா எழுதுவது. நீயும் பூரணியும் சுகமா என்று கேட்க எனக்கு வாயில்லை, ஆனாலும் கேட்கிறேன். நீ பிள்ளையோடு ராகலைக்கு உன் அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு மாதமாகிறது.

குடியை நிறுத்த மருந்து கேட்டு தோட்டத்து டிஸ்பென்சர் ஐயாவிடம் போனேன். "மருந்துல நிக்காது வீரய்யா. ஞாயித்துக்கிழம அட்டன்ல ஒரு கூட்டம் நடக்குது. குடிய விட்டவங்க, விடப் பாக்குறவங்க எல்லாம் வாராங்க. போய் உக்காரு" என்றார்.

நேற்றுப் போனேன். சிலுவை வைத்த வேதக்கோயிலுக்குப் பின்னால் ஓர் அறை, பதினொரு பேர். ஒருவர் கினிகத்தேனை லொறி டிரைவர், சிங்கள ஆள். கடைவீதி முதலாளி ஒருவர்கூட இருந்தார். ஒவ்வொருவராக எழுந்து பேரைச் சொல்லி, "நான் குடிகாரன்" என்கிறார்கள். நாம் அடுத்தவனைத் திட்டுகிற வார்த்தையைத் தங்களுக்கே சொல்லிக்கொள்கிறார்கள். என் பேரைக் கூப்பிடுவார்கள் என்று கடைசிவரை காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. பிளேன்டீ கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன். அது என்ன கூட்டம் என்று இன்னும் விளங்கவில்லை. நேற்று மட்டும் குடிக்கவில்லை.

இப்படிக்கு,
வீரய்யா

ராகலை
20.8.1963

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன், சிரித்தார். "பதினோரு குடிகாரங்க ஒண்ணு சேந்தா பிளேன்டீயா குடிப்பாங்க?" என்று கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேதத்துக்குச் சேர்ந்துவிட்டீர்களா, அதையாவது சொல்லுங்கள்.

காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பிரிக்கக் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவாரே, அந்தப் பழக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அங்கே யார் கையில் உங்கள் பேர் இருக்கிறது? நீங்களாக வாயைத் திறக்க வேண்டியதுதான்.

பூரணிக்குக் கைப்புண் ஆறிவிட்டது. சுண்டுவிரல்தான் இன்னும் மடங்கவில்லை.

நாகலெட்சுமி

அட்டன்
2.9.1963

அன்புள்ள நாகலெட்சுமிக்கு,

வேதத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. மூன்று ஞாயிறும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நேற்று லொறி டிரைவரும் நீ எழுதியதையே சொன்னார். "இங்க யாரும் கூப்பிட மாட்டாங்க தம்பி, நீங்கதான் சொல்லணும்." எழுந்தேன்.

சொல்லிவிட்டேன். சம்பளத்தன்று கசிப்புச் சாராயம் குடித்து வந்து, அடுப்பில் கிடந்த கேத்தலை நான் எட்டி உதைத்ததையும், கொதிதண்ணீர் பூரணி கையில் கொட்டியதையும், பிள்ளைதான் கேத்தலை இழுத்தாள் என்று லயத்துச் சனம் எல்லாரிடமும் நான் சொன்னதையும் சொன்னேன். இடையில் ஒரு நாள் குடித்துவிட்டேன், அதையும் மறைக்கவில்லை. யாரும் திட்டவில்லை. ஒருவராவது எழுந்து அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். டீயைக் கையில் கொடுத்து, அடுத்த வாரமும் வரச் சொன்னார்கள். சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா, தெரியவில்லை.

நீயும் பூரணியும் இனி வரலாம் என்று நினைக்கிறேன். வீடு வீடாக இல்லை.

வீரய்யா

ராகலை
9.9.1963

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன். முதலில் அழுதேன், பிறகு ஆத்திரம் வந்தது. முன்பின் தெரியாத பதினொரு பேரிடம் சொன்னீர்கள். எனக்குச் சொல்லத் தேவையில்லை, நான் பக்கத்தில்தான் நின்றேன். பூரணிக்கு யார் சொல்வது?

அவள் உங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். நீங்கள் உதைத்த நேரம் பார்த்து அடுப்பிலிருந்து ஒரு சுள்ளியை உருவினாள். "நீதானடி இழுத்த" என்று நீங்கள் சொன்னதும், சுள்ளியை இழுத்ததில்தான் கேத்தல் சாய்ந்தது என்று நம்பிவிட்டாள். முந்தாநாள் அண்ணன் பிள்ளைகளிடம் சொல்கிறாள்: "நான்தான் கேத்தல இழுத்து ஊத்திக்கிட்டேன். அதுனாலதான் அப்பா எங்கள அனுப்பிட்டாரு."

நானும் யோக்கியம் இல்லை. தோட்டத்துத் துரை காதுக்குப் போனால் உங்கள் வேலை போய்விடும் என்று டிஸ்பென்சர் ஐயாவிடம் அதே பொய்யைத்தான் சொன்னேன். மருந்து கட்டும்போது அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வருகிற ஞாயிறு காலை பஸ்ஸில் அவளை நுவரெலியா வழியாக அட்டனுக்குக் கூட்டி வருகிறேன். பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள். அவளிடம் நீங்களே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருவேனா என்று இப்போது கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை.

நாகலெட்சுமி

அட்டன்
12.9.1963

அன்புள்ள நாகலெட்சுமிக்கு,

நேற்றுக் கடிதம் வந்தது. அவள் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வரச் சொல்லி இனிக் கேட்கமாட்டேன்.

கூட்டத்தில் சொல்வது லேசு என்று இப்போது தெரிகிறது. அங்கே யாருக்கும் கை வேகவில்லை. ஞாயிறு காலை பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். ஆனால் அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். நான் வராமல் போய்விடுவேனோ என்று உனக்குப் பயம் இருக்கும். எனக்கும் இருக்கிறது.

அதனால் கீழே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளை, எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவாள். நான் வந்தால் இதைக் கிழித்துப் போடு. வராவிட்டால் அவள் கையில் கொடு.

வீரய்யா

பூரணி கண்ணு,
நீ கேத்தலை இழுக்கவில்லை.
அப்பாதான் உதைத்தேன்.
அம்மாவைக் கேட்டுப் பார்.