பாதிப் படகு

மார்ச் 6
சுற்றுலாப் படகின் கணக்கு முடிந்தது. அதன் அடிப்பாகத்தைச் சுற்றித் தண்ணீர் எப்படி ஓடும் என்று கணினியில் பார்க்கிற வேலை. பாதிப் படகைத்தான் ஓட்டினேன். இடமும் வலமும் ஒன்றுதானே, மறுபாதிக்குக் கண்ணாடி பிடித்தால் போதும். எல்லாரும் செய்வதுதான்.

படகுத் துறையில் வேலை பார்க்கிற நண்பன் கமல் போன் செய்தான். "இடப்பக்கம் அடியில புதுசா பைப்பெல்லாம் போற பெட்டி ஒண்ணு வெச்சிருக்காங்க. அதோட முழு போட்டையும் ஓட்டிப் பாத்தியா சங்கரி?"

"பாத்துட்டேன்பா" என்றேன். அம்மன் தேர் புறப்படுகிற நேரம். கிளம்பிவிட்டேன்.

மார்ச் 15
சோதனை ஓட்டத்தில் படகு கவிழ்ந்தது. கமல் செத்துட்டான். செத்துட்டான்.

மார்ச் 19
ஓரிக்கை, கமல் வீடு. மகனைப் புதைத்து மூன்று நாள்தான். அவன் அம்மா அன்னம்மாள் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். "நீ கணக்குப் பாத்த போட்டுன்னுதாம்மா தைரியமா ஏறினான்." குடித்தேன். எப்படிக் குடித்தேன்?

படகோட்டி தாவீது கண்மண் தெரியாமல் திருப்பினாராம். போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது.

மார்ச் 27
"முழு போட்டையும் ஓட்டிப் பாத்தியா?" — பல் தேய்க்கும்போது, பஸ்ஸில், கீழே துர்கா அண்ணி தறி அடிக்கிற சத்தத்தில். தொட்டியில் தண்ணீர் சுழன்று இறங்குவதைப் பார்க்க முடியவில்லை.

அண்ணி முடித்த புடவையை விரித்து இரண்டு கரையையும் அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பார்த்தால் போதாதா என்று எரிந்து விழுந்தேன்.

"இந்தக் கரை சரியா இருக்குதுன்னு அந்தக் கரையைப் பாக்காம குடுத்துட முடியுமா? நீ நெசவுக்காரர் வீட்டுப் பொண்ணுதானே?"

மாடிக்கு ஓடிவந்து அழுதேன்.

ஏப்ரல் 1
முழுப் படகும், பெட்டியோடு. கணினியில் நான்கு நாள் ஓடி முடிந்தது. வேகத்தில் சாதாரணமாகத் திருப்பினாலே பெட்டிப் பக்கத்தைத் தண்ணீர் கீழே இழுக்கிறது. தாவீது மேல் தப்பே இல்லை.

மேலாளர் வசந்த்திடம் சொன்னேன். "பழைய ரிப்போர்ட்டே இருக்கட்டும், கிளறாதீங்க."

ஏப்ரல் 3
இரண்டு கணக்கையும் விசாரணை அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். கமலிடம் சொன்ன பொய்யையும் எழுதினேன்.

ஏப்ரல் 10
தாவீதை விட்டுவிட்டார்கள். நாளை பதினோரு மணிக்கு விசாரணையில் நான் ஆஜராக வேண்டும்.

அதற்குமுன் அன்னம்மாளிடம் என் வாயால் சொல்லிவிட ஓரிக்கை போனேன். முழுக்கக் கேட்டார்.

"பாத்துட்டேன்னு அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேம்மா."

எழுந்து உள்ளே போனார். காபி போடப் போகிறார் என்று, வெட்கங்கெட்டவள், பழக்கத்தில் காத்திருந்தேன். விளக்கு வைக்கிற நேரம் வரை அவர் வரவில்லை. வெளிக்கதவை நானே சாத்திவிட்டு வந்தேன்.