ஏசிக்குப் போர்த்திய போர்வை

ஆக. 18, திங்கள்
காலையிலிருந்து மழை. குடை ஸ்டுடியோவில். வாங்க வேண்டியது: பேட்டரி, பால், கரப்பான்பூச்சி மருந்து.

என் போட்டோ கண்காட்சிக்கு இன்னும் ஒரு குடும்பம் குறைகிறது. எல்லா வீட்டிலும் ஒரே வேலைதான். புதிதாக வாங்கிய சாமான்களை ஓர் அறையில் பரப்பி, வீட்டார் நடுவே நிற்க வேண்டும். சாமான் கூடக்கூட ஆட்கள் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

கொரியர். கனடாவிலிருந்து மகள் மித்ரா ஆர்டர் போட்டது, கால் பிடித்துவிடும் மிஷின். பிரிக்காமல், முன்பு அவள் அனுப்பிய மற்ற பெட்டிகளோடு வைத்தேன். நான் ஒருத்திக்கு எதற்கு இத்தனை. போனில், “அம்மா, சாதனம் கிட்டிச்சா? ரேட்டிங் போட்டுடு.” திறப்பு விழாவுக்கு வருகிறேன் என்றாளே, அதைக் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

ஆக. 20, புதன்
மலையடிவாரத்து வித்துரா. பஸ்ஸில் நின்றுகொண்டே.

குறைந்த அந்த ஒரு குடும்பம், செல்வி வீடு. போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள், இப்போது ஜவுளிக்கடையில் வேலை. புருஷன் பெயின்டர். இரண்டு பெண்கள். டிவி, மிக்சி, வாஷிங் மெஷின் எல்லாம் தயார். சுவரில் மட்டும், உயரத்தில், ஒரு பூப்போட்ட போர்வை. அதற்குள்ளிருந்து ஜிலுஜிலுவென்று காற்று! விருந்தாளிக்காக ஏசியைப் போட்டுவிட்டு அதையே மறைத்திருக்கிறார்கள். சிரித்துவிட்டேன். செல்விக்கும் அடக்க முடியவில்லை.

“போட்டோன்னு சொல்லிட்டு சப்ளை ஆபீசு ஆளு வருமோன்னு இவருக்குப் பயம், மேடம். ஏசி இருக்குன்னு தெரிஞ்சா ஏழைங்களுக்குள்ள பிங்க் கார்டு போயிரும். பின்ன ரேஷன் அரிசி கிட்டாது.”

நான் அரசாங்கம் இல்லை என்று நம்பவைக்கப் பெரும்பாடு. போர்வை இறங்கியது. நாலு பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். காற்று அங்கேதான் விழுகிறதாம். இத்தனை வீட்டில் ஒட்டி நின்றது இவர்கள் மட்டும். இருப்பதிலேயே நல்ல படம். எடுக்கும்போதே பொறாமையாக இருந்தது.

ஆக. 27, புதன்
செல்வி போன். “தப்பா நினைக்காதீங்க மேடம், அந்தப் படத்தை அங்க மாட்டாண்டாம். யாராச்சும் கண்டு ஆபீசுல சொல்லிக் கொடுத்துட்டா?”

முகத்தை மறைத்து மாட்டலாம் என்றார் கேலரிக்காரர். முகம் இல்லாமல் என்ன குடும்பம். கழற்றிவிட்டேன்.

சுவரில் காலி இடம். வீட்டுக்கு வந்து மித்ரா அனுப்பிய பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எண்ணெயில்லாமல் பொரிக்கும் அடுப்பு, தரை துடைக்கும் ரோபோ, காபி மிஷின், கால் மிஷின். ஹால் நிறைந்துவிட்டது. டைமர் வைத்து ஓடிப்போய் நடுவில் நின்றேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஆக. 31, ஞாயிறு
திறப்பு. மழை. மித்ரா வரவில்லை, லீவு கிட்டவில்லையாம். பூங்கொத்து வந்தது. அதுவும் ஆன்லைன்.

காலி இடத்தில் மாட்டிய என் படத்தின் முன்னால்தான் கூட்டம். “ஈ ரோபோ கொள்ளாமோ?” நல்லதா என்று மலையாளத்தில் விசாரணை. “ஓணம் ஆஃபர் உண்டு.” படத்தின் நடுவில் நிற்பவள் தங்கள் பின்னாலேயே நிற்கிறாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

செல்வி வந்தாள், குடும்பத்தோடு, பஸ் பிடித்து. சுருட்டி வைத்திருந்த அவர்கள் படத்தைக் கையில் கொடுத்தேன். பிரிக்காமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு என் படத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

“வீட்டுல எல்லாரும் வர்றதுக்கு முந்தியே எடுத்துட்டீங்களா, மேடம்?”

எல்லோரும் வந்த பிறகுதான் எடுத்தேன் என்றேன்.