இறந்தது பெரியவனா, சின்னவனா

பாலக்கோடு,
10 மார்ச் 1943

மாமாவுக்குக் காவேரி வணக்கம். நானும் நம் குழந்தை ராமக்காவும் நலமாக இருக்கிறோம். சுவரைப் பிடித்துக்கொண்டு நான்கு அடி வைக்கிறாள். தைப் பொங்கலுக்கு முன் வந்த கடிதத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கோவேறு கழுதைகளோடு மலைப்பக்கம் போவதாக எழுதியிருந்தீர்கள். எந்த மலை என்று எழுதக்கூடாதாம். போகட்டும், உடம்பு எப்படி இருக்கிறது என்றாவது எழுதலாம் அல்லவா?

குதிரை லாந்தர் நன்றாக இருக்கிறான். நீங்கள் பட்டாளத்துக்குப் போனதிலிருந்து லாயத்தை நானேதான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் கொள்ளு, பிறகு ஏரிக்கரை வரை நடை, வந்ததும் குளியல். வேறு ஆள் வைத்தால் கடிக்க வருகிறான் என்று நம் எசமான் மிட்டாதாரும் விட்டுவிட்டார். போன வருஷம் அவனோடு சேர்த்த பெட்டைகளில் மூன்று சினையாக இருக்கின்றன. மாதப்பண்ணன் பெட்டை சித்திரையில் குட்டி போடும்.

இனி எழுதப்போவதை வேறு யாரிடமும் சொல்லி எழுத வைக்க முடியாது. மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தது இதற்குத்தான் போலிருக்கிறது. பட்டாளத்தில் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறவர்கள் படிக்கட்டும், இது குதிரை விஷயம்தான்.

போன வாரம் லாந்தரின் பழைய முதலாளி மதராஸிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினார். கிண்டிப் பந்தயத்தில் லாந்தர் ஜெயித்த அன்று எடுத்தது. மிட்டாதார் அதைக் கண்ணாடி போட்டு லாயத்தில் மாட்டச் சொன்னார். பதினான்கு பந்தயம் ஓடி ஆறு ஜெயித்தவன், அப்பன் சீமையிலிருந்து கப்பலில் வந்தவன் என்று வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுகிறார். அந்தப் போட்டோவில் லாந்தருக்கு இடது பின்னங்கால் வெள்ளை. தினமும் நான் தேய்த்துக் கழுவுகிற குதிரைக்கு வலது பின்னங்கால் வெள்ளை.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று போன சித்திரையில் மதராஸ் காலியானபோது மிட்டாதார் வாங்கிய லாந்தரையும் அவன் தம்பியையும் நீங்கள்தான் ரயிலில் கொண்டுவந்தீர்கள். மொரப்பூரில் இறக்கி நடத்தி வரும்போது இருமத்தூர் ஆற்றங்கரையில் வயிற்றுவலி கண்டு ஒன்று இறந்தது. இறந்தது சின்னவன், ஒரு பந்தயமும் ஜெயிக்காதவன் என்று சொன்னீர்கள். அதன்பிறகு இரண்டு மாதம் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. யாரும் கூப்பிடாமலே ஆடியில் போய்ப் பட்டாளத்தில் பெயர் கொடுத்தீர்கள்.

அடுத்த மாதம் சர்க்கார் குதிரை டாக்டர் வருகிறார். வம்சப் பத்திரத்தில் உள்ள அடையாளங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, பெட்டைகளோடு சேர்க்கும் பொலிகுதிரையாகப் பதிவு செய்வாராம். அதற்குள் எனக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள். இறந்தது எது?

உங்கள் காவேரி

*

பாலக்கோடு,
12 மே 1943

மாமாவுக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. எழுதாததையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் ஒரு மாதம் தள்ளிப் போன வாரம் திங்கட்கிழமைதான் வந்தார். மிட்டாதார் வெள்ளைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்றார். நான் குதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பத்திரக்கட்டை அவிழ்த்தார். அவராகக் கண்டுபிடித்தால் நீங்கள் ஏமாற்றுக்காரர். நானாகச் சொன்னால் பயந்தவர் என்பதோடு போகும். அவ்வளவுதான் யோசித்தேன்.

"எசமான், ஆத்தங்கரையில செத்தது லாந்தருங்க. இது சின்னவனுங்க. எங்கூட்டுக்காரரு பயந்துட்டாருங்க" என்றேன்.

டாக்டர் குனிந்து பின்னங்கால்களைப் பார்த்தார். பத்திரத்தைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார். மிட்டாதார் என் பக்கம் திரும்பவே இல்லை. எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டார். மாசியிலிருந்து என்றேன். அன்றே வீட்டைக் காலி செய்யச் சொல்வார், குதிரையைக் காயடித்து வண்டிக்கு விற்பார் என்று நினைத்தேன். சின்னவன் என் தோளில் மூக்கை வைத்தான்.

டாக்டர்தான் பேசினார். இதற்கும் அதே அப்பன், அதே ஆத்தாள். ஓடி ஜெயித்தது மட்டும்தான் அண்ணனுடையது, ரத்தம் இரண்டுக்கும் ஒன்றே என்றார். முன்னங்கால்களைத் தடவிப் பார்த்து, நரம்பு சுத்தமாக இருக்கிறது, பதினான்கு பந்தயம் ஓடிய அண்ணனுக்கு இப்படி இருந்திருக்காது என்றார். சின்னவனை அவன் சொந்தப் பெயரிலேயே பதிவு செய்தார். ஆனால் பெட்டை கொண்டுவந்தவர்களிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்றார்.

சொன்னோம். நல்லம்பள்ளிக்காரர் கோபப்பட்டு, இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று போய்விட்டார். மாதப்பண்ணன் பெட்டை பத்து நாளைக்கு முன் ஆண் குட்டி போட்டிருந்தது. எல்லாம் கேட்டுவிட்டு அவர், "குட்டி காலு நேரா இருக்குதும்மா. எனக்கு அது போதும்" என்றார். அடுத்த வருஷம் யார் வருவார்கள், எத்தனை பெட்டை வரும், ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கவலை தனியாக இருக்கிறது.

மிட்டாதார் மூன்று நாள் லாயத்துக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தார். போட்டோவைத் தன் கையாலேயே கழற்றினார். போகும்போது வாசலில் நின்று, "இதுக்காகவா பட்டாளத்துக்குப் போனான்?" என்று கேட்டார். "குதிரைன்னா சாவும். அவன் வந்து எம் முன்னால நின்னு அவன் வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதியமான்கோட்டையில் பட்டாளத்துக்குப் போன ஒருவர் வீட்டுக்குப் போன வாரம் தந்தி வந்ததாம். தபால்காரர் நம் தெருவுக்குத் திரும்பினால் நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு லாயத்துக்குள் போய்விடுகிறேன். அவர் தாண்டிப் போன பிறகுதான் வெளியே வருகிறேன்.

மாமா, இங்கே உங்கள் மேல் யாருக்கும் கோபமில்லை. ஊரில் நீங்கள் பயப்பட வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை. லீவு கொடுத்தால் உடனே வாருங்கள். கொடுக்காவிட்டால் எழுதுங்கள். கையில் காயம் என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். உங்கள் கையெழுத்தாக இல்லாவிட்டாலும் நான் பயந்துகொள்ள மாட்டேன். அடியில் உங்கள் பெயர் மட்டும் மாயவன் என்று இருந்தால் போதும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
காவேரி