நெடுநாள் இருக்கிற உயிர்

சேசு மரி சூசை துணை

திருச்சிராப்பள்ளி
18-6-1957

அன்புத் தம்பி பாஸ்கலுக்கு,

அக்கா ரோசலின் எழுதுவது. நானும் அத்தானும் இங்கே சுகம். உனக்காகவும் அம்மாவுக்காகவும் செபமாலை சொல்லாமல் நான் படுப்பதில்லை.

அம்மாவின் கார்டு நேற்றுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. பூனை செத்ததிலிருந்து நீ சோற்றை அளைந்துவிட்டு வைத்துவிடுகிறாயாம், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாயாம். வகுப்பில் பிள்ளைகள் முன்னால் நின்றுகொண்டு என்னால் பாடமே நடத்த முடியவில்லை. அந்தப் பின்னறைக்குள் உனக்கென்று ஓர் உயிர் வேண்டும். அது சீக்கிரம் செத்துப்போய் உன்னை மறுபடி அழவைக்கக் கூடாது. அதனால் எங்கள் சயன்ஸ் டீச்சரிடம், பாடத்துக்குக் கேட்பதுபோல, வீட்டுக்குள்ளேயே வளர்க்கக்கூடிய பிராணிகளில் எது அதிக நாள் இருக்கும் என்று விசாரித்தேன். முயலும் வெள்ளெலியும் அற்பாயுசாம். மீன் தொட்டியில் அடிக்கடி செத்து மிதக்குமாம். புறா ஜோடி தேடிப் போய்விடும். பூனை பத்துப் பன்னிரண்டு வருஷம். கிளி முப்பது வருஷம்கூட இருக்குமாம். ஆமைக்கு அளவே இல்லையாம். எனக்குக் கிளிதான் பிடித்திருக்கிறது. நீ என்ன சொல்கிறாய்?

பதிலைப் பள்ளி விலாசத்துக்கே போடு. அத்தான் வீட்டில் நீ அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத்தில் கிளார்க்காக இருப்பதாகத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உன் பிரியமுள்ள அக்கா,
ரோசலின்


மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
29-6-1957

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பாஸ்கல் வணக்கத்துடன் எழுதுவது. சாப்பிடுகிறேன். அம்மா கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவாள், உனக்குத் தெரியாதா?

பூனை எங்கேயோ எலிப் பாஷாணம் தின்ற எலியைத் தின்றுவிட்டு வந்தது. தட்டுத்தடுமாறி ஜன்னல் ஏறிக் குதித்து என் மடிக்கு வந்துதான் படுத்தது. இந்த வியாதி வந்ததற்குப் பிறகு என்னைத் தொட்டுக்கொண்டு தூங்கிய உயிர் அது ஒன்றுதான். அம்மாகூடத் தட்டை வைத்துவிட்டுத் தள்ளித்தான் உட்காருவாள். அவளைக் குறை சொல்லவில்லை, பயம் யாரைத்தான் விட்டது?

ஆமை வேண்டாம். அம்மாவிடம் பேச்சை எடுத்ததுமே, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுலே" என்று சொல்லிவிட்டாள். இந்த வீடு இதற்குமேல் உருப்படாமல் போக என்ன இருக்கிறது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

கிளி முப்பது வருஷம் இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எனக்கு இப்போது இருபத்தைந்து. அக்கா, நான் எவ்வளவு காலம் இந்த அறைக்குள் இருப்பேன் என்று நினைத்து நீ கிளியைத் தேடுகிறாய்?

பங்குச் சாமியார் தேவநற்கருணை கொடுக்க வந்தபோது ஒரு சங்கதி சொன்னார். சேவுகம்பட்டிக்கு அந்தப் பக்கம் கன்னியர்கள் ஓர் ஆசுபத்திரி நடத்துகிறார்கள். பெருவியாதிக்கு இப்போது வெள்ளை மாத்திரை வந்திருக்கிறதாம். வருஷக்கணக்கில் சாப்பிட்டால் நின்றுவிடுமாம். சீக்கிரம் போனால் கைகால் தப்புமாம். அம்மா, "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க" என்கிறாள். கேட்கிறேன். போகட்டுமா?

உன் தம்பி,
பாஸ்கல்


திருச்சிராப்பள்ளி
12-8-1957

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை ஆசிரியைகள் அறையில் படித்துவிட்டுக் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

ஆசுபத்திரி நல்ல இடம்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே போனால் உன் பெயரை எழுதுவார்கள், மேட்டுப்பட்டி முழுக்கத் தெரியும். திண்டுக்கல்லுக்கும் திருச்சிக்கும் எவ்வளவு தூரம்? அத்தானின் தங்கைக்கு இப்போதுதான் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் காதுக்குக் காது போனால் அந்தப் பெண்ணின் வாழ்வும் போகும், என் வாழ்வும் போகும். தை மாதத்தில் கல்யாணம். அதுவரைக்கும் பொறுத்துக்கொள், அப்பு. இத்தனை நாள் பொறுத்தவன்தானே?

சிறுமலையிலிருந்து வாழைப்பழம் கொண்டுவரும் பொம்மையனிடம் சொல்லி ஒரு கிளிக்குஞ்சு வாங்கச் சொல்லி அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். குஞ்சிலேயே எடுத்து வளர்த்தால் கையை விட்டுப் போகாதாம். ஊறவைத்த கடலை, கோவைப்பழம், மிளகாய் எல்லாம் கொடு. அதற்குப் பேசக் கற்றுக்கொடு. பொழுது போவதே தெரியாது.

அக்கா,
ரோசலின்


மேட்டுப்பட்டி
9-1-1958

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே, எழுதுவது நான்தான். விரலில் கட்டுப் போட்டிருக்கிறது.

முதலில் கிளியின் சமாச்சாரம். வந்தபோது இறகே இல்லாமல் உரித்த கோழிபோல இருந்தது. இவ்வளவு அவலட்சணமான ஒன்றை அக்கா ஏன் அனுப்பினாள் என்று நினைத்தேன். இப்போது பச்சை கட்டிவிட்டது. கூண்டு வைக்கவில்லை, இங்கே ஒரு கூண்டு போதும். தோளில் உட்கார்ந்து காது மடலைக் கொறிக்கும். நான் சொல்லிக்கொடுத்த எதையும் அது சொல்லவில்லை. அம்மா இருமுவதை மட்டும் கற்றுக்கொண்டு அப்படியே இருமுகிறது. அம்மாவுக்குக் கோபம். ஆனால் கோவைப்பழம் பறிக்கப் போவது அவள்தான். அதைக் கொடுக்கிற சாக்கில் இப்போது என் பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். அதற்காகவே உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நாலு நாள் முன்பு படித்துக்கொண்டிருந்தேன். கிளி என் கையருகே ஏதோ கொத்திக்கொண்டிருந்தது. கடலை தின்கிறது என்று நினைத்தேன். அம்மா தட்டை எடுக்க வந்தவள் அலறினாள். பார்த்தால் பாயெல்லாம் ரத்தம். என் வலது கைச் சுண்டுவிரல் நுனியை எலும்பு தெரியக் குதறியிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை, அக்கா. ஓர் எறும்பு கடித்த அளவுக்குக்கூட இல்லை.

கிளியின் மேல் தப்பில்லை. அது விளையாடியது. கையை இழுத்துக்கொண்டிருந்தால் நிறுத்தியிருக்கும்.

விரல் வீங்கியிருக்கிறது. மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தேன். நான் போக வேண்டும். கல்யாணம் முடிந்ததும் ஒரு வரி எழுது.

பாஸ்கல்


திருச்சிராப்பள்ளி
20-2-1958

என் கண்ணான தம்பிக்கு,

விரல் எப்படி இருக்கிறது? மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டச் சொல்லு. எல்லாம் நான் செய்த வினை. கிளியைத் தேர்ந்தெடுத்ததே தப்பு. வயதைப் பார்த்தேனே ஒழிய மூக்கைப் பார்க்கவில்லை. அதைப் பொம்மையனிடமே கொடுத்துவிடு. அம்மா பழமொழி சொன்னால் சொல்லட்டும், ஓர் ஆமைக்குட்டிக்கு ஏற்பாடு செய்கிறேன். அது கடிக்காது, சத்தம் போடாது, எங்கேயும் போகாது. வைத்த இடத்தில் இருக்கும்.

நாத்தனார் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. உனக்கு இன்னொரு சந்தோஷ சமாச்சாரம். நான் முழுகாமல் இருக்கிறேன். ஆகஸ்டில் என்று சொல்கிறார்கள். நீ மாமாவாகப் போகிறாய். மாமியார் என்னைத் தரையில் நடக்க விடுவதில்லை. இந்த நேரத்தில் பேச்சு ஏதும் கிளம்பினால் என்னை மட்டுமல்ல, வயிற்றில் இருப்பதையும் சேர்த்துத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ஞானஸ்நானம் வரைக்கும் பொறு. அக்காவுக்காக இல்லாவிட்டாலும் அந்தக் குழந்தைக்காக.

ரோசலின்


கன்னியர் ஆசுபத்திரி
4-5-1958

அன்புள்ள அக்காவுக்கு,

நீ தாயாகப் போவதைப் படித்து அம்மாவும் நானும் சந்தோஷப்பட்டோம். அம்மா அன்றைக்கே பாசிப்பருப்புப் பாயசம் வைத்தாள்.

விலாசத்தைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். விரல் அழுகத் தொடங்கிவிட்டது. அறைக்குள் நாற்றம் தாங்கவில்லை. நான் இன்னும் உன் பதிலையே கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் ஒரு காலையில் வந்து பின்கதவை விரியத் திறந்து, "ஏலே, கெளம்பு" என்றாள். ஒத்தை மாட்டு வண்டி வாசலில் நின்றது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். அம்மா அதை இழுத்து எடுத்துவிட்டாள்.

"மூடாத. நீ என்ன களவாணியா? நோயாளிதான?"

கடைத்தெரு வழியாகத்தான் வண்டி போனது. எல்லோரும் பார்த்தார்கள். சர்க்கரைக் கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். நான் செத்துப்போயிருப்பேன் என்று நினைத்திருப்பார் போல. அம்மா என் கட்டுப்போட்ட கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் என்னைத் தொட்டு எத்தனை காலமாகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். பக்கத்து விரல் மடங்கியேதான் இருக்கும். போன உணர்ச்சி திரும்பாதாம், ஆனால் இனிமேல் போகாது என்கிறார் டாக்டரம்மா. கிளியை யாருக்கும் கொடுக்கவில்லை. அம்மாவிடம் இருக்கிறது. ஆமை வேண்டாம், அக்கா.

உன் சொல்லை மீறியதற்கு மன்னித்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

பாஸ்கல்


திருச்சிராப்பள்ளி
2-11-1958

தம்பிக்கு,

பெண் குழந்தை. தெரேசா என்று பெயர் வைத்திருக்கிறோம். அம்மாவிடம் சொல்லு.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மேட்டுப்பட்டியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்ட பிறகு நான் எப்படி அங்கே வருவேன்? கூட அத்தான் வருவாரே. பிள்ளையைப் பாட்டியிடம் காட்ட வேண்டாமா என்று கேட்டார். அம்மா அஸ்ஸாமுக்கு உன்னிடமே போய்விட்டதாகச் சொல்லிவிட்டேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வதென்று நீயே பார்த்துச் சொல். ஒரு நாள் தனியாகக் கட்டாயம் வருவேன்.

ஆசுபத்திரி பெயர் போட்ட காகிதத்தில் எழுதாதே.

ரோசலின்


மேட்டுப்பட்டி
11-6-1962

அன்புள்ள அக்காவுக்கு,

பள்ளிக்கூடம் திறந்திருக்கும் என்பதால் இப்போது எழுதுகிறேன். மே மாதம் இருபதாம் தேதி காலையில் நம் அம்மா இறந்துவிட்டாள்.

போன வருஷம் நோய் நின்றுவிட்டது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். ஆசுபத்திரியிலேயே பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற வேலையும் கொடுத்தார்கள். ஞாயிறுதோறும் அம்மாவிடம் வந்துபோய்க்கொண்டிருந்தேன். ஏப்ரல் கடைசியில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடம் லீவு. வீட்டுக்குக் கடிதம் போடலாமா என்று கேட்டேன். "மாப்ள பிரிச்சுப்புட்டாருன்னா? நேர்ல போயிச் சொல்லு அப்பு. தூரமா நின்னு சொல்லு" என்றாள். பஸ்ஸில் ஏறி வந்தேன்.

மற்றது உனக்குத் தெரியும். நீதான் வெளியே வந்தாய். என்னைப் பார்த்தாய். உள்ளேயிருந்து அத்தான் யாரென்று கேட்டார். "யாரோ தர்மம் கேட்டு வந்திருக்காங்க" என்றாய்.

என் வேட்டி சட்டை வெளுத்தவைதான். ஆனால் கையைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள், அதனால் அத்தானுக்குச் சந்தேகம் வந்திருக்காது. நானும் துண்டை விரித்துப் பிடித்தேன். "எங்க ஆத்தா சாகக் கெடக்கு தாயி, மகளப் பாக்கணும்னு சொல்லுது" என்று சொன்னேன். நீ அரிசியைக் கொட்டினாய். பாதி கீழே சிந்தியது. மகராசியா இரு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த அரிசியில்தான் அம்மாவுக்குக் கஞ்சி வைத்தேன். ரெண்டு மடக்குக் குடித்தாள். "ரோசலின் குடுத்து விட்டாளா?" என்று கேட்டாள். ஆமாம், அவள் கையாலேயே அளந்து போட்டாள் என்றேன். "பிள்ளையப் பாத்தியா?" என்றாள். பார்த்தேன், உன் சாடைதான் என்றேன். அம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. மூன்றாம் நாள் போனாள். நீ வருவாயா என்று அடக்கத்தைச் சாயங்காலம் வரைக்கும் தள்ளிவைத்தோம். பெட்டியைத் தூக்க ஆள் வராமல் போகுமோ என்று பயந்தேன். பொம்மையனும் சர்க்கரைக் கடைக்காரரும் வந்து தோள் கொடுத்தார்கள். நானும் ஒரு முனை பிடித்தேன். யாரும் விலகச் சொல்லவில்லை.

வீட்டைக் காலி செய்கிறேன். கிளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகிறேன். அதற்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. கூட நானும் இருப்பேன்.

இந்த விலாசத்துக்கு இனி எழுத வேண்டாம். அந்த விலாசத்துக்கு எழுத உனக்கு முடியாது. அதனால் இதுவே நம் கடைசிக் கடிதமாக இருக்கட்டும். கோபத்தில் சொல்லவில்லை. அஸ்ஸாமில் அம்மா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது என்று வீட்டில் சொல்லு. வாய்விட்டு அழு. பூசை வை.

ஒன்று மட்டும் உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதினேன். அன்றைக்கு உன் பின்னாலேயே வந்த தெரேசா, சிந்திய அரிசியை அள்ளி என் கையில் வைத்து என் விரல்களை மூடினாள். நீ அவளை வெடுக்கென்று இழுத்தாய். நான் போனபின் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டிருப்பாய். அவள் உடம்பில் ஒரு தேமல் தெரிந்தாலும் உனக்குத் தூக்கம் வராது. பயப்படாதே, அக்கா. என்னிடம் இப்போது நோய் இல்லை. பிள்ளைக்கு ஒன்றும் வராது.

பாஸ்கல்