கதவு திறந்தால் நிற்கும் மோட்டார்

அண்ணா,

சோளக் குதிரின் கதவு திறந்திருக்கும்வரை, அடியிலிருந்து சோளத்தை வெளியே இழுக்கும் மோட்டார் ஓடாதபடி ஒரு பூட்டு செய்திருக்கிறேன். போன ஆகஸ்டில் கவுண்டி விவசாயக் கண்காட்சியில் அதை எல்லோருக்கும் காட்டினேன். நீயும் வந்து பார்த்துவிட்டுப் போனாய். அப்படிக் காட்டி ஓராண்டு முடிவதற்குள் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம்.

பக்கத்துப் பண்ணை ஹார்லன் எச்சரித்தார். "காப்புரிமை முகவர்கிட்ட போகாதப்பா. அவங்க காப்புரிமை ஆபீஸோட சரி, கோர்ட்டுக்கு வரமுடியாது. நாளைக்கு உன் அண்ணன் கேஸ் போட்டா உனக்காக யாரு பேசுவா? காப்புரிமை வக்கீலையே புடி."

நான் டி மாயின் நகரத்துக்குப் போய் முகவரைத்தான் பார்த்தேன். லோர்னா என்ற பெண்மணி. அவர் முதலில் கேட்டது, "இந்த யோசனை யாருக்கு வந்துச்சு?"

குதிருக்குள் சோளம் இழுத்து மூடிச் செத்துப்போன உன் மகன் டெரெக்கை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது வண்டியில் நீ சொன்னாய்: "கதவுத் தாழை எடுத்தாலே மோட்டாருக்குக் கரண்டு நின்னுடணும்டா." அதற்குப்பின் நீ என்னிடம் பேசியதில்லை.

அதை அப்படியே சொன்னேன். "அப்ப அவர் பேரும் வரணும். விட்டுட்டா காப்புரிமையே நிக்காது" என்றார். உன் பெயரை முதலில் போடச் சொன்னேன். படிவம் இத்துடன் இருக்கிறது, கையெழுத்துப் போட்டு அனுப்பு.

குதிருக்குள் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்காமல் அன்று பொத்தானை அழுத்தியது யார் என்று படிவத்தில் கேட்கவில்லை.

அதை நீ கோர்ட்டில் கேள். நான்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்காகப் பேச யாரும் இருக்கக் கூடாது என்றுதான் முகவரிடம் போனேன்.

உன் தம்பி